வீப்பெஹோல்ம் ஆய்வும் பற்சொத்தைத் தடுப்பறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இனிப்பை அடிக்கடி உண்ணலாகாது என்பது பற்சொத்தைத் தடுப்பில் இன்று உலகெங்கும் வழங்கும் அறிவுரையாகும். இதற்கு வலுவான சோதனைச் சான்றை அளித்தது, சுவீடனின் வீப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆய்வாகும். அதன் பின்னணி, முறை, முடிவு ஆகியவற்றை விளக்கி, அவ்வறிவு பெறப்பட்ட விதம் எழுப்பும் அறவினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

குறிச்சொற்கள்: பற்சொத்தை, சர்க்கரை, வீப்பெஹோல்ம், மருத்துவ வரலாறு, ஆய்வறம்

முன்னுரை

பல்லைப் புழு அரிப்பதால் சொத்தை உண்டாகின்றது என்னும் நம்பிக்கை பண்டைய மெசபடோமியா முதலாகப் பல நாகரிகங்களில் நிலவியது. ‘பல்லில் பூச்சி’ என்னும் தமிழ்ப் பேச்சு வழக்கும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர் வில்லபி மில்லர், 1890இல் வெளியிட்ட நூலில் இதற்கு மாற்றான விளக்கத்தை விரிவாக முன்வைத்தார். வாயிலுள்ள நுண்ணுயிரிகள் மாவுப் பொருள்களையும் சர்க்கரையையும் நொதிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் கனிமப் பொருளைக் கரைக்கின்றது என்பது அவர் கொள்கை. ஆயினும், சர்க்கரையின் அளவு, வடிவம், உண்ணும் வேளை ஆகியவற்றுள் எது மிகுதியும் கேடு விளைவிப்பது என்னும் வினா விடைபெறாமலே இருந்தது. ஊட்டச்சத்துக் குறைபாடே சொத்தைக்கு முதற்காரணம் என்ற கருத்தும் செல்வாக்குடன் விளங்கியது.

ஆய்வின் பின்னணி

1930களில் சுவீடன் மக்களிடையே பற்சொத்தை மிகப் பரவலாகக் காணப்பட்டது. 1938இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பொதுப் பல் மருத்துவச் சேவையைத் தோற்றுவிக்க முடிவு செய்தது. சொத்தை அடைத்தலும் பல் பிடுங்குதலும் மட்டுமே இச்சிக்கலைத் தீர்க்கா என்பதால், நோயைத் தடுக்கும் வழியை அரசு நாடியது. அதன்பொருட்டு நிகழ்ந்த ஆய்வுக்கு, லுண்ட் நகரை அடுத்திருந்த வீப்பெஹோல்ம் மருத்துவமனை களமாயிற்று. கடுமையான அறிவுத்திறன் குறைபாடுடையோரை நெடுங்காலம் வைத்துப் பராமரித்த அரசு நிறுவனம் அது. ஆய்வுக்கான பொருளுதவியில் இனிப்புத் தொழில்துறையினரும் பங்கேற்றனர்.

முறையும் முடிவும்

முதற்கட்டத்தில் உயிர்ச்சத்துகளின் விளைவு ஆராயப்பட்டது. 1947 முதல் 1949 வரை சர்க்கரையின் விளைவு சோதிக்கப்பட்டது. நோயாளிகள் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். சில குழுக்களுக்கு உணவு வேளையில் பானத்திலோ ரொட்டியிலோ சர்க்கரை சேர்த்து வழங்கப்பட்டது. வேறு சில குழுக்களுக்குச் சாக்லேட், கேரமல், டாஃபி ஆகியன உணவு வேளைகளுக்கு இடையிலும் தரப்பட்டன. ஒரு குழுவினர் நாளொன்றுக்கு 24 டாஃபிகள் வரை பெற்றனர். பல்லில் ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மை அவற்றுக்கு இருந்தது.

436 நோயாளிகளைப் பற்றிய முடிவுகள் 1954இல் விரிவாக வெளியிடப்பட்டன. உணவோடு உண்ட சர்க்கரை, அளவில் மிக்கிருந்தும், சொத்தையைச் சிறிதே கூட்டியது. இடைவேளைகளில் உண்ட ஒட்டும் இனிப்போ அதனைப் பன்மடங்கு பெருக்கியது. அவ்வினிப்பை நிறுத்தியபின் புதிய சொத்தைகள் தோன்றுவது குறைந்தது. ஒவ்வொரு முறை இனிப்பு உண்ணும்போதும் அமிலம் சுரக்கின்றது. உமிழ்நீர் அதனைத் தணித்துப் பல்லுக்குக் கனிமத்தை மீட்டளிக்கச் சிறிது நேரம் வேண்டும். இடைவிடாது உண்பவர்க்கு அந்நேரம் கிட்டுவதில்லை. உண்ணும் தடவைகளைக் குறைத்தல் என்னும் தடுப்புநெறியின் அடிப்படை இதுவே. சுவீடனில் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை இனிப்பளிக்கும் ‘சனிக்கிழமை மிட்டாய்’ வழக்கம் இவ்வறிவின் வழியே பரவியது.

அறவினா

இவ்வாய்வின் நம்பகத்தன்மைக்கும் அதன் அறப்பிழைக்கும் ஊற்று ஒன்றே. நோயாளிகள் வெளியே செல்ல இயலாதவர்கள். அவர்தம் உணவு முழுவதும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதனாலேயே உண்ட பொருளையும் வேளையையும் ஆய்வாளர்களால் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. அதே நிலை, மறுக்கும் வாய்ப்பை நோயாளிகளிடமிருந்து பறித்தது. அவர்களிடம் ஒப்புதல் பெறப்படவில்லை. பலருடைய பற்கள் சிதைந்தன. ஆய்வுக்குட்படுவோரின் தன்விருப்ப ஒப்புதல் இன்றியமையாதது என்று வலியுறுத்திய நியூரம்பெர்க் நெறிமுறை 1947இல் உருவானது. அவ்வாண்டிலேயே இங்குச் சர்க்கரைச் சோதனை தொடங்கியது என்பது கருதத்தக்கது. அந்நெறிமுறை போர்க்காலக் கொடுமைகளுக்கே உரியதென்று கருதப்பட்டமையால், நலப்பணி அரசுகளின் ஆய்வுக்கூடங்களில் அது உடனடியாகச் செயல்வடிவம் பெறவில்லை எனலாம்.

முடிவுரை

பற்சொத்தை தடுக்கத்தக்க நோய் என்னும் தெளிவை வீப்பெஹோல்ம் வலுப்படுத்தியது. இடைவேளை இனிப்பைக் குறைத்தலும், ஃபுளூரைடு கலந்த பற்பசையால் நாளும் இருமுறை பல் துலக்குதலும் இன்றும் அடிப்படைத் தடுப்புமுறைகளாக உள்ளன. அவற்றுள் முன்னதற்கான சான்று, பயன்பெற்ற சமூகத்தின் குழந்தைகளிடமிருந்து பெறப்படவில்லை. அச்சமூகம் ஒதுக்கிவைத்த மனிதர்களின் வாயிலிருந்து பெறப்பட்டது. அறிவின் உண்மையை ஏற்பது, அது பெறப்பட்ட முறையை ஏற்பதாகாது. மருத்துவ வரலாற்றை எழுதுவோர் கண்டறிந்தோரின் பெயர்களோடு, பெயர் பதியப்பெறாத அந்நோயாளிகளின் இழப்பையும் பதிவு செய்தல் வேண்டும்.