ஊமத்தையின் பேரப்பிள்ளை

செங்கற்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார இரயிலில், சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறுவோருள் சிலர் தாம்பரம் சானடோரியத்தில் இறங்குவர். அவர்களுள் பலர் மூச்சிரைப்பால் துன்புறுவோர். நமக்குத் தெரிந்த முதியவர் ஒருவரும் மாதந்தோறும் அவ்வாறு சென்று வந்தார். இளமையில் பீடிப் புகை, நடுவயதில் கல் குவாரித் தூசி. இரண்டும் சேர்ந்து அவருடைய நுரையீரலை அரித்துவிட்டன. மருத்துவமனையில் நாள்தோறும் ஒருமுறை உறிஞ்சும் மருந்தொன்று கொடுத்திருந்தனர். ஒரு மார்கழியில், சந்தையில் மூலிகைப் பொடி விற்றவன் சொல் கேட்டு அதை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் நள்ளிரவில், நோயில்பூசுதல் அளிக்க நம்மை அழைத்தார்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

இறையருளால் பிழைத்தார். பின்னொரு நாள் நாம் சற்றே கடிந்துகொண்டபோது அவர் சொன்னது இது: "சாமி, பொடி நம்ம மண்ணு மருந்து. அந்தக் குழலு வெள்ளைக்காரன் மருந்துதானே?"

அச்சொல் நம்மை விடவில்லை. நூல்களைப் புரட்டினோம். கண்டது வியப்பாக இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். செடிகொடிகளில் பித்துக் கொண்டவர். சாயப்பூச்சி வளர்ப்பதற்கென்றே சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டவர். இழுப்பு நோய்க்கு ஊமத்தை வேரை உலர்த்திப் புகைக்கும் வழக்கம் இங்கே இருந்ததை அவர் அறிந்திருந்தார். அவர் வழியாக அதை அறிந்த ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவர் 1802-இல் அம்மருந்தை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கே சிம்ஸ் என்னும் மருத்துவர் அதைப் பரப்பினார். பின்னர் அந்நாட்டிலேயே விளைந்த ஊமத்தை இனத்தையும் பயன்படுத்தலாயினர். ஆஸ்துமா சிகரெட்டு என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய மருந்துக்கடைகளில் அது விற்கப்பட்டது. மூச்சுத் திணறலுக்குப் புகையே மருந்து! இன்று நகைப்போம், அன்று பலருக்கு அது ஆறுதல் தந்தது.

ஊமத்தையில் அட்ரோபினும் அதன் இனத்துப் பொருள்களும் உள்ளன. மூச்சுக்குழலைச் சுற்றிய தசையை இறுகச் செய்யும் நரம்பின் ஏவலை அவை தடுக்கின்றன, குழல் விரிகிறது. ஆயின் அளவு சற்று மிஞ்சினால் வாய் உலரும், பார்வை மங்கும், சித்தம் கலங்கும், உயிரும் போகும். வழிப்போக்கரை மயக்கிக் கொள்ளையிட்டோர் கையாண்டதும் இதே ஊமத்தைதான். ஒரு செடியில் இருக்கும் நஞ்சின் அளவு அடுத்த செடியில் இராது. ஆகவே எவரும் இதைப் படித்துவிட்டு வேலியோரம் போய் நிற்க வேண்டாம்.

அட்ரோபினைச் சற்றே மாற்றியமைத்து, மூளைக்கு ஏறாமல் பெரும்பாலும் மூச்சுக்குழலோடு நின்றுவிடும் இப்ராட்ரோபியம் என்னும் மருந்தை 1970-களில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் வெளியிட்டது. அதன் தம்பியான டியோட்ரோபியம் 2002-இல் வந்தது. நாளொன்றுக்கு ஒருமுறை, 18 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கி அதில் பதினெட்டுக் கூறு. நம் முதியவர் தூக்கி எறிந்தது இதைத்தான். அவர் அந்நியம் என்று ஒதுக்கியது நம் ஊமத்தையின் பேரப்பிள்ளை!

ஆடாதோடையின் கதையும் இத்தகையதே. 1888-இல், உதகையில் அரசின் சிங்கோனா ஆய்வாளராயிருந்த டேவிட் ஹூப்பர் அதன் இலையிலிருந்து வாசிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதை முன்மாதிரியாகக் கொண்டு அதே ஜெர்மானிய நிறுவனம் சளியை இளக்கும் ப்ரோம்ஹெக்சினை உருவாக்கியது. வீட்டிலிருக்கும் இருமல் மருந்துப் புட்டியைத் திருப்பிப் படித்தால் அப்பெயர் தென்படக்கூடும்.

தாம்பரம் மருத்துவமனையின் தொடக்கமும் நினைக்கத் தக்கது. அதை 1928-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளருக்கான இல்லம் நடத்தியவர். பண்டைய இந்திய மருத்துவத்தின் தொன்மை பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதியவர். 1937-இல் அரசு அம்மருத்துவமனையை ஏற்றது. 2005-இல் அதே சானடோரியம் பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் இரயில் நிலையம் ஒன்றே.

மூலிகையை நாம் இகழவில்லை. நம் ஊருக்கு அருகே தண்டரையில் இருளர் இனப் பெண்கள் சங்கமாய்க் கூடி மூலிகை வளர்த்து மருந்து செய்கின்றனர். எந்த இலை எதற்கு என்பதைத் தாய்வழி அறிந்தவர்கள் அவர்கள். நம் அச்சமெல்லாம் பெயரும் அளவும் எழுதாத பொட்டலங்களைப் பற்றியதே. அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருந்தது கண்டறியப்பட்டதுண்டு. முதல் வாரம் கிடைக்கும் வியத்தகு சுகத்துக்கு அதுவே காரணமாயிருக்கலாம். நல்ல மூலிகையும் தனியே வேலை செய்வதில்லை. திப்பிலியிலுள்ள பைப்பரின், மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோபிலினை இரத்தத்தில் மிகுவிக்கும். அம்மாத்திரையோ சற்று மிகுந்தாலும் நெஞ்சைப் படபடக்கச் செய்வது. ஆடாதோடை கருவுற்ற பெண்களுக்கு ஆகாது. சிதைந்துபோன காற்றறைகளை மீட்டுத் தரும் இலையும் இல்லை, மாத்திரையும் இல்லை.

இவற்றையெல்லாம் முதியவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்னோம். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "அப்ப ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதானா சாமி?" என்றார். ஆம் என்றோம். தூதுவளை இரசத்தை விடச் சொல்வோமோ என்பதுதான் அவர் கவலை. மருத்துவரிடம் கேளுங்கள் என்றோம். அடுத்த மாதம் கேட்டிருக்கிறார். சோற்றோடு இரசம் தாராளமாக. குழல் ஒருநாளும் தவறக்கூடாது என்று விடை வந்ததாம். இப்போது தாம்பரத்துக்குப் புறப்படும்போது, தாம் உண்ணும் பொடி, சூரணம் யாவற்றின் பெயரையும் பேத்தியை எழுதச் சொல்லி, அச்சீட்டை மருந்துக் குழலோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.