டிரங்க் கால்ல இருந்து வாட்ஸ்அப் கால் வரைக்கும்: ஒரு எழுத்து காணாமப் போன கதை

போன வாரம் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கிட்டு இருந்தப்ப ஷார்ஜாவுல இருக்கிற என் நண்பன் கூப்பிட்டான். பேசினோம். வழக்கம்போல நடுவுல ரெண்டு தரம் கட் ஆச்சு. பக்கத்து வயல்ல வேலை செஞ்ச பையன், "ஏன் மாமா, ஒரே விஷயத்தை மூணு வாட்டி சொல்றீங்க?"ன்னு கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சா அது நாப்பது வருஷத்துக் கதை. அங்கே சொல்ல நேரமில்லை, இங்கே எழுதறேன்.

நாங்க மூணு பேரு. பாலக்கோட்டுல ஒண்ணாப் படிச்சோம். 1988-ல பன்னிரண்டாவது முடிச்சதும் ஒருத்தன் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போனான். ஒருத்தன் சென்ட்ரிங் வேலை கத்துக்கிட்டு 1994-ல ஷார்ஜாவுக்குப் போனான். நான் எங்க அப்பாவோட ரெண்டரை ஏக்கரைப் பார்த்துக்கிட்டு இங்கேயே நின்னுட்டேன்.

எங்க சின்ன வயசுல போன்னா போஸ்ட் ஆபீஸ்ல இருக்கிற கருப்பு டப்பாதான். வெளியூருக்குப் பேசணும்னா டிரங்க் கால் புக் பண்ணணும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங்னு கட்டணத்துல வகை உண்டு. புக் பண்ணிட்டு வெளியே புளியமரத்தடியில உட்காரணும். ஒரு மணி நேரமும் ஆகும், சாயந்திரமும் ஆகும். லைன் கிடைச்சா ஊருக்கே கேக்கற மாதிரி கத்தணும். எங்க அப்பா வாழ்நாள்ல ரெண்டே தரம்தான் டிரங்க் கால் பேசினாரு, ரெண்டும் சாவுச் செய்திக்கு. அதனால போன் வந்திருக்குன்னு யாராவது ஓடி வந்தாலே வீட்டுப் பொம்பளைங்க அழ ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம்தான் விஷயமே கேப்பாங்க.

ஆபரேட்டர் இல்லாம நாமே நம்பர் சுத்திப் பேசற எஸ்.டி.டி. வசதி, 1960-ல கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவுல முதல்ல வந்தது. அது நம்ம மாதிரி ஊர்களுக்கு வந்து சேர முப்பது வருஷம் பிடிச்சுது. 1984-ல சாம் பித்ரோடா முன்னால நின்னு சி-டாட்னு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் எல்லாம் ஏசி ரூம் கேக்கும். நம்ம ஊரு தூசிக்கும் வெயிலுக்கும் தாங்கற மாதிரி இவங்க சின்ன எக்ஸ்சேஞ்ச் செஞ்சாங்க. அப்புறம்தான் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துங்க மூலைக்கு மூலை முளைச்சுது.

அந்த பூத் அனுபவம் இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் புரியாது. கண்ணாடிக் கூண்டுக்குள்ள நிக்கணும், தலைக்கு மேல சிவப்பு எழுத்துல மீட்டர் ஓடும். கண்ணு மீட்டர்லயே இருக்கும், வாய் மட்டும் பேசும். ராத்திரி ஆக ஆக கட்டணம் பாதி, அப்புறம் கால் பங்கு. அதனால ராத்திரிதான் கூட்டம். வெளிநாட்டுக்குன்னா கதையே வேற. நூறு ரூபா நோட்டோட உள்ளே போனா ரெண்டு நிமிஷம் நிக்காது. அப்போ ஆம்பளைக்கு ஒரு நாள் கூலி நூறு ரூபாய்ல பாதி கூட கிடையாது.

1996-ல ஷார்ஜாக்காரனோட அப்பா இறந்துட்டாரு. நான்தான் பாலக்கோட்டுக்கு சைக்கிள் மிதிச்சேன். அவன் கொடுத்திருந்தது கம்பெனி கேம்ப் ஆபீஸ் நம்பர். எடுத்தவனுக்குத் தமிழ் தெரியல, எனக்கு இந்தி தெரியல. அவன் பேரையும் "ஃபாதர், டெத்"னும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். மீட்டர் 180 ரூபாயைத் தொட்டதும் கையில காசு இல்ல, வெச்சிட்டேன். அவனுக்கு விஷயம் போய்ச் சேர ரெண்டு நாள் ஆச்சு. அதுக்குள்ள இங்கே எல்லாம் முடிஞ்சிடுச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அவங்க அம்மா என்கிட்ட, "எம்புள்ளைகிட்ட பேசணும் சாமி"ன்னாங்க. டேப் ரெக்கார்டர்ல பேசி, கேசட்டைத் துபாய்க்குப் போற ஆள்கிட்ட குடுத்து அனுப்பற வழக்கம் அப்போ உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு அதுதான் கடுதாசி. நான் பட்டனை அழுத்திட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். அந்தம்மா ஒரு பக்கம் முழுக்கப் பேசினாங்க, பாதி பேச்சு, பாதி ஒப்பாரி. கேசட் தீர்ந்து பட்டன் தானா எழும்பின பிறகும் பேசிக்கிட்டேதான் இருந்தாங்க. நான் உள்ளே போய் நிறுத்தச் சொல்லல. அந்த கேசட்டை அவன் இன்னும் வெச்சிருக்கான். அதுல எங்க வீட்டுச் சேவல் கூவறதும் கேக்குதாம்.

சரி, இன்டர்நெட்டுக்கு வருவோம்.

குரலை இன்டர்நெட் வழியா அனுப்ப முடியும்னு 1995-லேயே வோகல்டெக்னு ஒரு இஸ்ரேல் கம்பெனி சாஃப்ட்வேர் வித்துக் காட்டிடுச்சு. அதே 1995 ஆகஸ்ட் 15-ல வி.எஸ்.என்.எல். நம்ம நாட்டுல பொது ஜனத்துக்கு இன்டர்நெட் குடுத்துது. ஆனா அதுல பேச மட்டும் அனுமதி இல்ல. காரணம் பெரிய ரகசியம் இல்ல. ஐ.எஸ்.டி. கால்ல வர்ற வருமானம் போயிடுமே! 2002 ஏப்ரல் 1-ந் தேதிதான் இன்டர்நெட் போனுக்கு அரசாங்கம் கதவைத் திறந்தது. அதுவும் முழுசா இல்ல. கம்ப்யூட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், கம்ப்யூட்டர்ல இருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம். உள்ளூர் போனுக்குப் பேசக் கூடாது. அதே நாள்தான் வெளிநாட்டு கால்ல வி.எஸ்.என்.எல்.லுக்கு இருந்த ஏகபோகமும் முடிஞ்சுது.

2003-ல தருமபுரி டவுன்ல ஒரு நெட் சென்டர்ல நான் முதல் முதலா இப்படிப் பேசினேன். தலையில மாட்டற ஹெட்போன், வாய்கிட்ட ஒரு மைக். அவன் அங்கே ஒரு கடையில யாகூ மெசஞ்சர்ல உட்கார்ந்திருந்தான். "டேய்"ன்னேன். நாலு எண்ணறதுக்குள்ள பதில் இல்ல. மறுபடியும் "டேய்"ன்னேன். அந்த நேரம் பார்த்து அவன் முதல் "டேய்"க்கு "சொல்றா"ன்னான். ஒரு மணி நேரம் இப்படியே ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் மோதிக்கிட்டுப் பேசினோம். முப்பது ரூபாதான் ஆச்சு! பஸ்ல திரும்பி வரும்போது தனியா சிரிச்சுக்கிட்டு வந்தேன், பக்கத்துல உட்கார்ந்தவர் ஒரு மாதிரியாப் பார்த்தாரு.

அதே 2003-ல ஐரோப்பாவுல ஸ்கைப் வந்தது. ஸ்வீடன்காரர் ஒருத்தரும் டென்மார்க்காரர் ஒருத்தரும் சேர்ந்து எஸ்டோனியாப் பசங்களை வெச்சு செஞ்சது. பேரன் பேத்தி அமெரிக்காவுல இருக்கிற வீடுகள்ல 'ஸ்கைப்ல வா'ங்கறதே ஒரு வார்த்தையாச்சு. அந்த ஸ்கைப்பையும் 2025 மே மாசத்தோட மூடிட்டாங்க. எங்க ஊருல அதைப் பார்த்தவங்களே கம்மி. எங்களுக்கு அந்த வருஷங்கள் மிஸ்டு கால் காலம். ஒரு ரிங் விட்டா நல்லா இருக்கேன், ரெண்டு ரிங் விட்டா பணம் அனுப்பிட்டேன். காசே இல்லாம சேதி அனுப்பினதுல நம்ம ஜனங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

வாட்ஸ்அப்ல பேசற வசதி 2015-ல வந்தது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 2014 டிசம்பர்ல, இன்டர்நெட் வழியா பேசினா அந்த டேட்டாவுக்குத் தனிக் கட்டணம்னு ஏர்டெல் அறிவிச்சுது. நாடு முழுக்க எதிர்ப்பு வந்து சில நாள்லயே பின்வாங்கிட்டாங்க. அந்தச் சண்டை வளர்ந்து டிராய்க்கு லட்சக்கணக்குல மெயில் போச்சு. 2016 பிப்ரவரி 8-ல, எதைப் பார்க்கறோம்கிறதை வெச்சு டேட்டாவுக்கு வேற வேற விலை போடக் கூடாதுன்னு டிராய் விதி போட்டுது. அதே வருஷம் செப்டம்பர் 5-ல ஜியோ. அதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. ஜியோ அப்போ முழுக்க 4ஜி. அதுல பேசற 'சாதா கால்' கூட உள்ளுக்குள்ள டேட்டாவாத்தான் போகுது. ஆத்தாக்காரி வெத்தலை போட்டுக்கிட்டே மகளோட பேசறதும் இப்போ அந்த வழிதான்.

ஆனா ஷார்ஜாக்காரனுக்கு வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது. அமீரகத்துல அதுக்குத் தடை. உரிமம் வாங்கின சில ஆப்புங்களுக்கு மட்டும் அனுமதி, அதுக்கு 2018-ல மாசம் 50 திர்ஹாம். பக்கத்துல சவுதியில 2017 செப்டம்பர்லயே தடையை எடுத்துட்டாங்க. எழுத்து போகும், போட்டோ போகும், வாய்ஸ் மெசேஜும் போகும், நேராப் பேசினா மட்டும் போகாது. வாய்ஸ் மெசேஜ்ங்கறது அந்தப் பழைய கேசட் கடுதாசிதானே! இருபது வருஷம் சுத்திட்டு அங்கேயே வந்து நின்னோம். கடைசியில அவன் 50 திர்ஹாம் கட்டிட்டான்.

2018 ஐப்பசி. அவன் அம்மா பேர்ல இருக்கிற நிலத்துல போர் போடறதுக்காக என் கணக்குல கொஞ்சம் கொஞ்சமாப் பணம் போட்டு வெச்சிருந்தான். ஒரு நாள் சாயந்திரம் மழை வர்ற காத்து. நான் வரப்புல நின்னு பேசறேன். எங்க நிலத்துல சிக்னல் கிணத்து மேட்டுல ஒரு இடத்துலதான் நிக்கும், அங்கே இருந்து நகர்ந்தா போச்சு. நான் நகர்ந்து நின்னது என் தப்பு. அவன் சொன்னது: "தம்பி வந்து கேட்பான், பணத்தை குடுத்துடாத." எனக்குக் கேட்டது: "தம்பி வந்து கேட்பான், பணத்தை குடுத்துடா."

அதோட கட்.

மறுநாள் அவன் தம்பி வந்து நின்னான். நாப்பதாயிரம் எடுத்துக் குடுத்துட்டேன். அந்தப் பணம் போன இடம் வேற, அதை இங்கே எழுத வேணாம். ஒரு மாசம் கழிச்சு விஷயம் தெரிஞ்சு அவன் கத்தின கத்தல் இருக்கே, அன்னிக்கு மட்டும் ஒரு எழுத்து கூட விடாம சுத்தமாக் கேட்டுது. "நானே வாயால வேணாம்னு சொன்னேனேடா!" நானும் விடல. "நீ குடுன்னுதான் சொன்னே." ஒரு வருஷத்துக்கு மேல பேச்சு இல்ல.

என் அக்கா பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவன்தான் அப்புறம் விளக்கினான். பழைய போன்ல ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தனிப்பாதை பிடிச்சு வெச்சிருப்பாங்க. கரகரன்னு கேக்கும், ஆனா வார்த்தை வந்துக்கிட்டே இருக்கும். இன்டர்நெட் கால்ல ஒரு நொடிப் பேச்சை ஐம்பது துண்டு மாதிரி வெட்டி, ஒவ்வொண்ணாத் தனித்தனியா அனுப்புது. வழியில தொலைஞ்ச துண்டை மறுபடி கேட்டு வாங்க நேரம் இருக்காது. வாங்கினா பேச்சு தாமதமாயிடும். அதனால விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். சின்ன ஓட்டையா இருந்தா முன்னால வந்த சத்தத்தை வெச்சே அடைச்சிடும். கேக்கறவனுக்கு ஏதோ தொலைஞ்சதே தெரியாது. ஏழெட்டு துண்டு சேர்ந்து போச்சுன்னா ஒரு எழுத்து போச்சு. இங்கிலீஷ்ல 'வேண்டாம்'ங்கறது முன்னாடியே வந்துடும், தமிழ்ல அது கடைசி எழுத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு மாமான்னான். எனக்கு அந்த 'த' அரபிக் கடல்ல எங்கேயோ விழுந்து கிடக்கிற மாதிரி தோணுச்சு.

மெஷின் மேல மட்டும் பழி போடவும் மனசு வரல. டிரங்க் கால் காலத்துல இந்தத் தப்பு நடந்திருக்காது. அப்போ ஒரு விஷயத்தைச் சொன்னா எதிர்ல இருக்கிறவன் திருப்பிச் சொல்லுவான். காசு போற பயம், காது கேக்காத பயம். சேதி சரியாப் போய்ச் சேர்ந்துதான்னு ரெண்டு பக்கமும் பார்ப்போம். சும்மா கிடைக்கிற கால்ல, கட் ஆனா என்ன, அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுடறோம். நானும் அப்படித்தான் விட்டேன். ஒரு தரம், "என்னடா சொன்னே?"ன்னு கேட்டிருக்கலாம்.

2020-ல ஊரடங்கு வந்தது. பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கொண்டு போன தக்காளிக்கு வண்டி வாடகை கூட நிக்கல. பாதியைக் காட்டுலயே விட்டேன். திருப்பூர்க்காரன் கம்பெனி மூடி ஊருக்கு வந்துட்டான். அங்கே ஷார்ஜாவுல ஒரே ரூம்ல எட்டு பேரு அடைஞ்சு கிடந்தாங்க. ஒரு ராத்திரி பதினொண்ணரைக்கு, அவனுக்குப் பத்து மணி, திருப்பூர்க்காரன் என்னையும் அவனையும் சொல்லாம கொள்ளாம ஒரே கால்ல சேர்த்து விட்டுட்டான். மூணு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். லைன் கட் ஆயிடுச்சுன்னுதான் நினைச்சேன். அப்புறம் அவன், "தக்காளி என்ன விலை போவுது?"ன்னு கேட்டான். சொன்னேன். "அவ்ளோதானா"ன்னான். பணத்தைப் பத்தி அன்னிக்குப் பேசல. அடுத்த வருஷம் ஒரு கறவை மாட்டை வித்து இருபதாயிரத்தை அவன் அம்மா கையில குடுத்தேன். மிச்சத்துக்கு அவன் கணக்குக் கேக்கல.

இம்சை எல்லாம் அப்படியேதான் இருக்கு. காலையில நாலு மணிக்கு எழுந்து சாமந்தி பறிக்கப் போற ஆளை ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கூப்பிட்டு, "சும்மாதான்டா"ம்பான். திருப்பூர்க்காரன் ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பேசுவான், நான் பேசினது எனக்கே திரும்பி வரும். பால் கறக்கும்போது வீடியோவுல வான்னு ஒரே தொல்லை. ஆனா விஷயம்னு ஒண்ணு வந்தா இப்போ எங்களுக்குள்ள ஒரு முறை இருக்கு. 'வேணாம்'ங்கறதை முதல்ல சொல்லணும். கேட்டவன் திருப்பிச் சொல்லணும். அப்புறம் அதையே வாய்ஸ் மெசேஜா அனுப்பணும். வயல்ல அந்தப் பையன் கேட்டது இதைத்தான்.

வர்ற தை மாசம் அவன் மொத்தமா ஊருக்கே வர்றான். போர் போடச் சொல்லிட்டான். "போட்டுடு, போட்டுடு, போட்டுடு." வாய்ஸ் மெசேஜும் வந்துடுச்சு. திங்கக்கிழமை போர் வண்டி வருது.