பெரியவீட்டுச் சுருணைகள்

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்து அழகியபாண்டியபுரத்தில் இருந்த பெரியவீட்டு முதலியார் குடும்பம், வேணாட்டு (பின்னாளில் திருவிதாங்கூர்) அரசர்களுக்காக நாஞ்சில் நாட்டு வரி, நிலக் காரியங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்தது. அரசாணை, கிரயம், ஒற்றி, வரிக் கணக்கு என்று கைக்கு வந்த ஓலையெல்லாம் அந்த வீட்டிலேயே சுருணைகளாக, அதாவது ஓலைக்கட்டுகளாகத் தங்கிவிட்டது. இன்று பிராட்பேண்ட் ரவுட்டருக்குப் பின்னால் ஒரு பழைய கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, அதை வீட்டு சர்வராக்கி, பத்திரமும் படமும் சேர்த்துவைக்கும் வீட்டுக்காரர் புதுமை செய்வதாக நினைக்கலாம். நாஞ்சில் நாட்டில் ஆவணம் வீட்டில் இருப்பதுதான் பழைய ஏற்பாடு. ஆனால் முதலியார் ஓலைகளில் இருந்த செய்தி நம் கைக்கு வந்ததற்கு அந்த வீட்டின் சுவர் மட்டும் காரணமாகாது. அவற்றைப் பார்த்தெழுதி வீட்டைவிட்டு வெளியே போன படிதான் அதைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஓலை தானாக நிலைக்கிற பொருள் அல்ல. பனையோலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து மெருகேற்றித்தான் எழுத்தாணி பிடிக்க வேண்டும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய மை தடவ வேண்டும். பூச்சிக்கு வசம்பும் வேம்பும், நெகிழ்ச்சிக்கு எண்ணெயும் வேண்டும். பல வீடுகளில் அடுப்புப் புகை படும் பரணில் கட்டுகளை ஏற்றிவைத்ததும் பூச்சிக்குப் பயந்துதான். வடகிழக்கு மழையும் தென்மேற்கு மழையும் மாறி மாறி நனைக்கும் இந்த மண்ணில் இத்தனை செய்தும் சில நூறு ஆண்டுகளில் ஓலை ஒடிந்துபோகும். அதற்குள் இன்னொருவர் புது ஓலையில் பார்த்தெழுதியாக வேண்டும். பெரியவீட்டு ஓலைகளுக்கு அப்படி வாய்த்தவர் தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பாட்டுக்காகவே நாம் கொண்டாடும் அவர், கல்வெட்டும் ஓலையும் வாசிக்கத் தெரிந்த வரலாற்று ஆய்வாளர். தமிழும் மலையாளமும் கலந்த அந்த ஓலைகளின் நடையை வரிவரியாகப் படித்துத் தாளுக்கு மாற்றினார். பின்னாளில் அ.கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்று நூலாக்க முடிந்ததற்கு அடித்தளம் அந்த உழைப்பு. இதற்காகவும் கவிமணியை நாம் கொண்டாட வேண்டும்.

தனியார் வீட்டில் எதற்கு, அரசு ஆவணக் காப்பகத்தில் இருந்தால் பத்திரம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் சுருணைகள் கேரள ஆவணக் காப்பகத்தில் இருப்பதால்தான் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகும், திருவிதாங்கூர் கால ஆவணங்களைத் தேடுகிறவர் பெரும்பாலும் திருவனந்தபுரம் போய்த்தான் ஆக வேண்டியிருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் போயின. வேறு படி இல்லாத சுவடிகளுக்கு அதுவே முடிவு. பெரிய கட்டடமோ சின்ன வீடோ, ஒரே இடம் என்றால் ஆபத்து ஒன்றுதான்.

வீட்டு சர்வரிலும் இதே தவறு நடக்கிறது. இரண்டு டிஸ்க்கில் ஒன்றின் பிரதியாக மற்றொன்றை ஓடவிட்டுவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு டிஸ்க் செத்தால் இந்த ஏற்பாடு காப்பாற்றும். கைதவறி அழித்த கோப்பு இரண்டிலும் சேர்ந்தே அழியும். இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே கருகும். ஒரே பரணில் இரண்டு கட்டு வைத்தது போலத்தான் இது. ரவுட்டரோ நல்ல காவல்காரன். உள்ளே 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வெளியாருக்குத் தெரியாது. உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலைத்தான் அது உள்ளே விடும். வெளியூரிலிருந்து எடுக்க வேண்டும் என்று போர்ட்டைத் திறந்துவிடுவது தெருவாசலைத் திறந்துபோட்டுவிட்டு உறங்குவதற்குச் சமம். பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் அத்தகைய வீடுகளில் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. வீட்டு சர்வரே வெளிநோக்கி இணைப்பைத் தொடங்கும் வி.பி.என். வைத்து உள்ளே வருவதே தக்க வழி.

ஓலைக்கு மின்சாரம் வேண்டாம், டிஸ்க்குக்கு வேண்டும், இந்த ஒப்புமை எப்படிப் பொருந்தும் என்பது அடுத்த மறுப்பு. இதை நான் ஏற்கிறேன். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வீசி மின்கம்பங்களைச் சாய்த்தபோது மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அந்த நாட்களில் வீட்டு சர்வரும் திறந்திராது, இணையச் சேமிப்பும் எட்டியிராது. டிஸ்க்கின் ஆயுளும் ஓலையின் ஆயுளுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் ஓலையைப் பார்த்தெழுத மாதங்கள் ஆகும். டிஸ்க்கைப் படியெடுக்க ஓர் இரவு போதும். அந்த ஒரு வசதியைப் பயன்படுத்தாமல் விட்டால் வீட்டு சர்வர் ஓலைக்கட்டைவிட நொய்மையானது.

பெரியவீட்டு ஓலைகளில் என்னை விட்டுப் போகாதவை அடிமை ஆவணங்கள். ஆளை நிலம்போல் எழுதி விற்றிருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். விற்கப்பட்டவர்களிடம் பரணும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. அவர்களைப் பற்றிய எழுத்து வாங்கியவர் வீட்டில் இருந்தது. இன்று அத்தகைய குடும்பத்துப் பிள்ளை ஒருவர் வளைகுடாவில் வேலை செய்துகொண்டே, ஊரில் இருக்கும் தன் வீட்டுப் பட்டாவையும் பாட்டியின் குரல்பதிவையும் அங்கொரு டிஸ்க்கிலும் இங்கொரு டிஸ்க்கிலுமாக வைத்துக்கொள்ள முடியும்.