நிரையில் எழுந்த குரல்: நெகிரி செம்பிலான் தோட்டப் பாடல்களும் கலை என்னும் சொல்லும்

கலை என்னும் சொல்லைக் கேட்டவுடன் மேடையும் சலங்கையும் வீணையும் நம் மனத்தில் எழுகின்றன. ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலையில் மரம் சீவிக்கொண்டே ஒரு பெண் பாடிய பாட்டு எழுவதில்லை. அப்பாட்டு கலையா, அன்றிக் களைப்பின் முனகலா என்னும் வினா நெகிரி செம்பிலானில் வெறும் கோட்பாட்டு வினா அன்று. பால்மரக் காடுகள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அப்பாடல்களை அறிந்தோர் முதுமை எய்திய சிலரே. எதனைக் கலையென எண்ணுகிறோமோ அதனைப் பதிந்து வைக்கிறோம்; மற்றதைப் பாடியவரோடு புதைத்து விடுகிறோம்.

தமிழின் பழைய இலக்கணம் இவ்வகையில் நம்மினும் தாராளமானது. தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துப் பறையையும் யாழையும் மக்கள் செய்யும் தொழிலையும் ஒரே நூற்பாவில் வைத்தார். செய்யுளியலில் பாட்டோடு பிசியையும் முதுசொல்லையும் சேர்த்து எண்ணினார். பண்ணத்தி என்றும் ஒரு வகை கூறினார். அதற்கு உரை வரைந்த பேராசிரியர் மோதிரப்பாட்டு, கடகண்டு எனச் சில பெயர்களைச் சுட்டிச் செல்கிறார். அவர் காலத்தில் எல்லாரும் அறிந்தவை போலும்; விளக்கம் தேவைப்படவில்லை. இன்று நமக்கு எஞ்சியவை பெயர்களே. மாறாக, உலக்கை குற்றுவோர் பாடிய வள்ளைப்பாட்டை இளங்கோவடிகளும், சுண்ணம் இடிக்கும் பாட்டையும் அம்மானையையும் மாணிக்கவாசகரும் எடுத்தாண்டனர், அவ்வடிவங்கள் பிழைத்தன.

தோட்டப் பாடல்களுக்கு அத்தகைய புலவர் வாய்க்கவில்லை. ஆயினும் அவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊரிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் ஆள் திரட்டியதால், ஓர் ஊரின் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் அப்படியே கப்பலேறி லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வைத் தடை செய்தது. ஊரிலிருந்து புதுப்பாட்டுக் கொண்டுவரும் ஆள்வரத்து நின்றது. அதற்குப் பின் பாட வேண்டியதை இங்கேயே கட்ட வேண்டியதாயிற்று.

அவ்வாறு கட்டியபோது வேலையே பாட்டின் உருவத்தை மாற்றியது என்பது நம் கருத்து. தஞ்சை வயலில் நடவு நடுவோர் தோளோடு தோள் நின்று குனிவர். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடலாம். பால்மரக் காட்டில் அது இயலாது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் நிரைக்குப் பிரிந்துவிடுவர். ஒருவர் பங்குக்குச் சில நூறு மரங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆதலால் இருள் பிரியும் முன்னரே தொடங்க வேண்டும். பட்டையை மெல்லிதாகச் சீவுதல், மங்கைத் துடைத்து வைத்தல், அடுத்த மரத்துக்கு நடத்தல் என்பதே ஒழுங்கு. இத்தனிமையில் எழுதிரும் எடுப்புமாகப் பாடும் குழுப்பாட்டுக்கு இடமில்லை. நாம் கேட்டறிந்த பாடல்களுள் பல, தொலைவில் உள்ள ஒருவரை விளித்துத் தொடங்குகின்றன, அடிகள் குறுகியவை, இறுதிச் சீர் நீட்டி ஒலிக்கப்படுகிறது. அடுத்த நிரையில் இருப்பவர் காதில் விழ வேண்டுமே! இருட்டில் அச்சம் தீரவும் அது உதவியிருக்கும். கூட்டமாகப் புல் வெட்டும் வெளிக்காட்டு வேலையில் மட்டும் பழைய குழுப்பாட்டு ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆயக்கொட்டகையில் தாலாட்டு வாழ்ந்தது. லயத்தில் சாவு விழுந்தபோது ஒப்பாரி வாழ்ந்தது. எந்தப் பாட்டு நிற்கும், எது உதிரும் என்பதை ரசனை மட்டும் தீர்மானிக்கவில்லை. வேலை வரிசையும் தீர்மானித்தது.

மொழியியலார் இப்பாடல்களில் காண்பது இன்னும் ஒன்று. பால் வடியும் மங்கு மலாய் மொழியின் மங்கோக்கோடு உறவுடையது. பெரட்டு, அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். வரிசை வீடுகளைக் குறிக்கும் லயம், லைன் என்பதன் திரிபு என்பர். இசைநூலார் கூறும் லயத்தோடு அது ஒலியால் ஒன்றாகிவிட்டதைத் தோட்ட மக்கள் எண்ணிச் சிரித்தார்களோ என்னவோ! இச்சொற்களை மங்குக்குக் கிண்ணம், கிராணிக்கு எழுத்தர் எனத் திருத்தி அச்சிடுதல் தூய்மைப் பணி என்று தோன்றலாம். ஓசை கெடுவதோடு, அப்பாட்டு எங்குப் பிறந்தது என்பதற்கான சான்றும் அதனால் அழிகிறது.

சயாம் ரயில் பாதைக்காகச் சப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றனர். திரும்பாதவர் ஏராளம். ஒப்பாரி என்பது பிணத்தைச் சுற்றியமர்ந்து, அதன் முகம் பார்த்துப் பாடுவது. உடலே வந்து சேராத சாவுக்கு எதன் முன் அமர்ந்து பாடுவது? காத்திருத்தலும் இழப்பும் கலந்த ஒரு புதிய புலம்பல் தேவைப்பட்டது. சயாமுக்குப் போனவரைப் பற்றிய பாடல்கள் அத்தேவையில் எழுந்தவை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993இல் வெளிவந்தபோது அத்துயரம் இலக்கியமாயிற்று என்றனர். அதற்கு ஐம்பதாண்டு முன்பே லயத்து வாசல்களில் அது பாட்டாகியிருந்தது.

இதே மாநிலத்தில் வேறோர் அளவுகோலையும் காண்கிறோம். ஸ்ரீ மெனாந்தியில் 1902இல் தொடங்கி 1908இல் முடிந்த பழைய அரண்மனை, ஆணியின்றி மரத்தால் எழுப்பப்பட்டது; 99 தூண்கள் கொண்டது. அதைச் சமைத்த தச்சர் காஹார், தாயிப் ஆகியோரின் பெயர்கள் பதிவில் உள்ளன. மினாங்கபாவ் மக்களின் தாய்வழி மரபான அடாட் பெர்பாத்தே, ஏட்டுச் சட்டமாக அன்றிப் பெர்பிலாங்கான் எனும் ஓசைமிகு வாய்மொழித் தொடர்களாலேயே தலைமுறைகள் கடந்தது. இன்று அது மாநிலத்தின் பெருமை. தச்சு வேலையும் வாய்மொழியும் கலையாக மதிக்கப்படும் மண்ணில், அவ்வரண்மனை எழுந்த அதே ஆண்டுகளில் காடு வெட்டி ரப்பர் நட்டவர்களின் பாட்டு மதிக்கப்படாததற்குப் பிறரைக் குறை கூறிப் பயனில்லை. பாட்டைப் படிக்காதவர் பாட்டென்றும், பறையைச் சாதியின் அடையாளமென்றும் ஒதுக்கியவர்கள் நம்மவரே.

மதிப்பு மாறக்கூடியது என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. இழிவாகக் கருதப்பட்ட சதிர், 1930களில் பரதநாட்டியம் என்னும் பெயர் பெற்றது; 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது; சில பத்தாண்டுகளில் நல்ல குடும்பத்துப் பெண்கள் கற்க வேண்டிய கலையாயிற்று. பெயர் உயர்ந்ததே தவிர, அதைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த பெண்கள் பெரும்பாலும் மேடைக்கு வெளியே நின்றனர் என்பதையும் மறக்கலாகாது. தோட்டப் பாட்டை மேடைக்கு ஏற்றும்போதும் அந்த ஆபத்து உண்டு. பட்டுச்சேலை உடுத்தி, பித்தளை வாளி ஏந்தி ஆடும் பால்மர நடனத்தைப் பள்ளிவிழாக்களில் பார்க்கும்போது நமக்கு மகிழ்ச்சியை விடக் கூச்சமே மிகுதி.

தோட்டம் விட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தைப்பூசத்தில் உறுமி மேளம் கொட்டுகின்றனர். இரைச்சல், பக்திக்கு ஒவ்வாதது என்னும் கண்டனங்கள் எழுகின்றன. சில பாடல்களைப் பற்றிய கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் யாரும் கற்றுக்கொடுக்காமல், யாரும் பணம் தராமல் ஒரு தலைமுறை தோற்கருவியைக் கையிலெடுத்திருக்கிறது என்பதை ஆசிரியர்கள் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

லாபு தோட்டம் நான்காம் பிரிவு என்பது போன்ற பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இம்மாநிலத்தில் உள்ளன. அத்தகைய பள்ளியில் பயிலும் மாணவர் தம் பாட்டியிடம் கேட்டுப் பதியும்போது பாட்டின் சொற்கள் மட்டும் போதா. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த வேலையின்போது பாடியது, யாரிடம் கேட்டது, எந்த இடத்தில் குரல் நீண்டது ஆகியவற்றையும் எழுத வேண்டும். நினைவு வராத அடிக்கு இடம் விட்டு எழுதுக. நாமாக நிரப்ப வேண்டா. பாடியவரின் பெயரை, அவர் இசைந்தால், பாட்டின் தலைப்பிலேயே இடுக.