2893 நாட்கள்

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டுகள் என்ற நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகிறது. திரைப்படங்களும் தொடர்கதைகளும் இதனை வலுப்படுத்தின. பதினான்கு ஆண்டுகள் கழித்து நரைத்த தாடியுடன் கதாநாயகன் சிறைவாயிலில் வந்து நிற்பான். கதையின் இரண்டாம் பாகம் தொடங்கும். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் இதனைத் திட்டவட்டமாக அறிவித்தது 1961இல். அத்தீர்ப்பைப் பெற்றுத் தந்தவர், நம்மில் பலரும் பரிந்து பேச விரும்பாத ஒரு மனிதர்.

காந்தியடிகள் கொலை வழக்கில் செங்கோட்டையில் அமர்ந்த தனி நீதிமன்றம் 1949 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பளித்தது. நாதுராம் கோட்சேக்கும் நாராயண் ஆப்தேக்கும் தூக்கு. நாதுராமின் தம்பி கோபால் கோட்சேக்கு வாழ்நாள் முழுதும் நாடு கடத்தல். கடத்துவதற்கு அப்போது கடல் கடந்த சிறை ஏதும் இல்லை. சொல் மட்டுமே எஞ்சியிருந்தது. அச்சொல்லும் 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ‘ஆயுள் சிறை’ என மாறியது. கோபால் கோட்சே பஞ்சாபில் சிறையிருந்து, பின்னர் நாசிக் சிறைக்கு மாற்றப்பட்டார்.

சிறைக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. ஒழுங்காக வேலை செய்தால் சில நாட்கள், நன்னடத்தைக்குச் சில நாட்கள், அரசு விழாக்களையொட்டிச் சில நாட்கள் என்று தண்டனையில் கழிவு வரவு வைக்கப்படும். 1960 செப்டம்பர் 30 வரை கோபால் கோட்சேயின் பெயரில் ஏறியிருந்த கழிவு 2893 நாட்கள். அவற்றில் உடற்பயிற்சிக்கு 113 நாட்கள். கல்விக்கு 108 நாட்கள். உள்ளே கழித்த காலத்தோடு இவற்றையும் கூட்டினால் தம் தண்டனை நிறைவுற்றுவிட்டது என்று வாதிட்டு, விடுதலை கோரி அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

1961 ஜனவரி 12 அன்று வெளிவந்த தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. சுப்பாராவ். அதன் சாரம் பள்ளிக்கூடக் கணக்கைப் போல் எளியது. ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணைக் கழிக்க வேண்டுமாயின் முதல் எண் தெரிந்திருக்க வேண்டும். ஆயுள் எத்தனை நாள் என்று எவருக்குத் தெரியும்? தண்டனைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஆயுளை இருபது ஆண்டுகளாகக் கொள்ளச் சொன்னது பின்னக் கணக்குகளுக்கு மட்டுமே, விடுதலைக்கு அன்று. ஆகவே கைதி சேர்த்த நாட்கள் புத்தகத்தில் இருக்கும். அவை தாமாகக் கதவைத் திறக்கமாட்டா. திறக்கும் அதிகாரம் அரசுக்கே உண்டு. மனு தள்ளுபடியாயிற்று.

நீதிமன்றம் உரிமையாகத் தர மறுத்ததை 1964 அக்டோபரில் அரசு சலுகையாகத் தந்தது. கோபால் கோட்சே வெளியே வந்தார். பின்னர் மீண்டும் கைதாகி, 1965 வரை உள்ளே இருந்தார் என்பது தனிக்கதை. ஆனால் அவர் தோற்ற வழக்கு அவரோடு முடியவில்லை. அன்று தொட்டு, பெயர் தெரியாத ஆயுள் கைதி ஒவ்வொருவரின் மனுவுக்கும் முன்னால் அத்தீர்ப்பு வந்து நிற்கிறது.

பதினான்கு என்ற எண் சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 433ஏ பிரிவு, கொலை போன்ற கடுங்குற்றங்களில் ஆயுள் தண்டனை பெற்றோர் பதினான்கு ஆண்டுகளாவது உள்ளே இருந்தாக வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அது 475ஆம் பிரிவு. நாம் கூரை என்று நினைத்தது உண்மையில் தரை.

அரசு மறுத்துவிட்டால் என்ன செய்வது? மேல்முறையீடு என்று தனியே ஒரு வழி இல்லை. உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ ரிட் மனு போட வேண்டும். நீதிமன்றம் பெரும்பாலும் தானே விடுதலை செய்வதில்லை. காரணம் சொன்னார்களா, உரியவற்றை எண்ணிப் பார்த்தார்களா என்று மட்டும் பார்த்து, குறையிருப்பின் மீண்டும் பரிசீலிக்கச் சொல்லி அனுப்பும். எண்ணிப் பார்க்க வேண்டியவை எவை என்பதை 2000ஆம் ஆண்டின் லட்சுமண் நஸ்கர் வழக்கு தொகுத்துத் தந்தது: குற்றம் சமூகத்தையே பாதிப்பதா, மீண்டும் நிகழுமா, குற்றம் புரியும் ஆற்றல் அவரிடம் எஞ்சியிருக்கிறதா, இனியும் அடைத்து வைப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன.

நம் மண்ணின் வழக்கொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. 1991 ஜூனில், பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளனின் தூக்கு 2014இல் ஆயுளாகக் குறைந்தது. அவரை விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று பரிந்துரைத்தது. ஆளுநர் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஈராண்டுக்கும் மேல் வைத்திருந்து குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். மறுப்பாணை இருந்தால் எதிர்த்து வழக்காடலாம். மௌனத்தை எதிர்த்து எப்படி வழக்காடுவது? இதற்கு விடை 2022 மே 18 அன்று கிடைத்தது. அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், திருப்பி அனுப்பும் வழக்கத்தை விட்டு, 142ஆம் பிரிவின்படி தானே விடுதலை அளித்தது. அற்புதம்மாள் முப்பதாண்டுகளுக்கு மேல் சிறைவாயில்களுக்கு நடந்த நடை அன்று முடிந்தது.

கதவு தவறாகத் திறந்தாலும் கேட்க வழியுண்டு. பில்கிஸ் பானு வழக்கில் பதினொருவரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விடுவித்தது. விசாரணை நடந்தது மகாராஷ்டிரத்தில் என்பதால் குஜராத்துக்கு அவ்வதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதனை ரத்து செய்தது.

இம்மூன்று வழக்குகளிலும் நம் மனம் ஒரே பக்கம் நிற்பதில்லை. ஒருவர் வெளிவர வேண்டும் என்கிறோம். இன்னொருவர் கூடாது என்கிறோம். தவறில்லை, நாம் மனிதர்கள். ஆனால் நம் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப நெகிழும் கருணை, நமக்குப் பெயரே தெரியாத கைதிக்கு ஒருபோதும் எட்டாது. அவனுக்காகப் பேரணி இல்லை, தலையங்கம் இல்லை. அவன் கேட்கக்கூடியது ஒன்றுதான்: மறுப்பதானால் காரணம் சொல்லி மறுங்கள். அவன் புத்தகத்திலும் நாட்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.