ஷேவிங் நுரையும் ஒரு குதிரைமுடி பிரஷ்ஷும்

ஷேவிங்னு வந்துட்டா எல்லாரும் பிளேடைப் பற்றித்தான் பேசுவாங்க. மூணு பிளேடா, அஞ்சு பிளேடா? நான் இன்னைக்குப் பேசப்போறது நுரையைப் பற்றி. அந்த நுரையை உண்டாக்குற பிரஷ் முதல் உலகப்போர் காலத்துல ஆட்களைக் கொன்றிருக்கு.

முதல்ல நுரைக்கு என்ன வேலைன்னு பார்த்துடலாம். காய்ந்த தாடி முடி முரட்டுப் பயல். தண்ணீரில் ஊறினால்தான் இளகும், பிளேடுக்குப் பணியும். அதுக்கு ரெண்டு மூணு நிமிஷமாவது ஆகும். வெறும் தண்ணி அதுவரைக்கும் முகத்துல நிக்குமா? வழிஞ்சு போயிடும். அதை வழியவிடாமல் பிடித்து வைப்பதுதான் நுரையின் முக்கிய வேலை. பிளேடு வழுக்கிப் போக ஒரு படலம் கிடைப்பது கூடுதல் லாபம். அதனால நல்ல நுரைன்னா பஞ்சு மாதிரி உப்பி நிற்கிறது இல்லை. கெட்டித் தயிர் மாதிரி ஈரமா, பளபளப்பா, குமிழே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கமா இருக்கணும்.

தேங்காய் எண்ணெய் சோப்பு சட்டுனு பெரிய பெரிய குமிழா நுரைக்கும், அதே வேகத்தில் அடங்கிடும். ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம், அதனால்தான் அதன் நுரை அடர்த்தியாக நிற்கிறது. கிளிசரின் ஈரத்தைக் காப்பாற்றும். உங்க வீட்ல உப்பு கலந்த போர் தண்ணியா? அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகிவிடும். சோப்பைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் கேன் தண்ணியில அடிச்சுப் பாருங்க.

சரி, பிரஷ்ஷுக்கு வருவோம். பேட்ஜர்னு வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு. அதோட முடி தண்ணியை நல்லாப் பிடிச்சு வைக்கும் என்பதால் உயர்ந்த பிரஷ்ஷெல்லாம் அதில்தான். 1914ல் போர் வந்ததும் ஐரோப்பாவில் அந்த முடி வியாபாரம் முடங்கியது. பிரஷ்ஷுக்கான தேவையோ ஏறிக்கொண்டே போனது. விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டணும்னா தாடி இருக்கக் கூடாது. ஜில்லெட் நிறுவனம் 1903ல் விற்ற ரேசர்கள் மொத்தமே 51. போரின்போது அமெரிக்கப் படைக்கு மட்டும் 35 லட்சம் ரேசர் போச்சு! இத்தனை பேருக்கும் பிரஷ் வேணுமே?

ஆசியாவிலிருந்து மலிவான குதிரைமுடி வந்தது. பேட்ஜர் முடி மாதிரி தெரியும்படி அதைச் செய்து விற்றார்கள். கிருமி நீக்கம்தான் சரியாக நடக்கவில்லை. அந்த முடியில் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகள் ஒட்டியிருந்தன. நம்ம ஊர் கால்நடை மருத்துவர்கள் அடைப்பான்னு சொல்வாங்களே, அதே நோய். அந்த வித்துகள் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும், ஷேவிங்குக்கு எடுக்கிற வெந்நீரெல்லாம் அதுகளை ஒண்ணும் செய்யாது. பிளேடு கீறிய சின்னக் காயம், அதன் மேல் அந்த பிரஷ். கன்னத்திலோ கழுத்திலோ ஒரு கொப்புளம் வரும், வீங்கும், நடுவில் கரியாகக் கறுக்கும். பென்சிலின் வருவதற்கு முந்தைய காலம் அது. அமெரிக்க, பிரிட்டிஷ் படையினரும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். குண்டுக்குத் தப்பினவன் முகம் மழிக்கப் போய்ச் சாகிறான்! 1920ல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்ய பிரிட்டன் தடை போட்டது.

இதற்கு ஒரு வருஷம் முன்னாடிதான், 1919ல், அமெரிக்காவில் ஃபிராங்க் ஷீல்ட்ஸ் என்பவர் பார்பசால் க்ரீமைக் கொண்டுவந்தார். பிரஷ்ஷே வேண்டாம், நுரையும் வேண்டாம், விரலால் தடவினால் போதும். ஆந்த்ராக்ஸ் பயத்தில்தான் அது பிறந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். அவசரமும் சோம்பலும் போதுமான காரணங்கள். 1949ல் ‘ரைஸ்’ என்ற டப்பா நுரை வந்தது. பட்டனை அழுத்தினால் வாயுவே குமிழை ஊதிக் கொடுத்துவிடும். பார்க்க மலை மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பகுதி காற்று. பிரஷ் காலத்தில் அடிக்க அடிக்கத் தண்ணி சேர்ந்தது, முடி ஊற நேரமும் தானாகவே கிடைத்தது. டப்பாவில் அந்த ரெண்டுமே போச்சு. அதையே பயன்படுத்துறவங்க முதல்ல ரெண்டு நிமிஷம் முகத்தை நல்லா நனைச்சுக்கோங்க.

இப்போ கடையில் கிடைக்கிற பிரஷ்ஷுக்குப் பயப்பட வேண்டாம், சிந்தெடிக் முடியே தாராளமாகப் போதும். ஆன்லைனில் ‘விண்டேஜ்’னு போட்டு 1930க்கு முந்தைய விலங்குமுடி பிரஷ் வந்தால், வாங்கி ஷோகேஸ்ல வெச்சுக்கோங்க. முகத்துக்குக் கொண்டுபோகாதீங்க.