எஸ்ஸெக்ஸ் மாலுமிகள் போகாத திசை

'இன் தி ஹார்ட் ஆஃப் தி சீ' படத்தில் கப்பலை உடைத்த திமிங்கிலம் படகுகளையும் விடாமல் துரத்தும். அது சினிமாவுக்காகச் சேர்த்தது. விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகத் திமிங்கில வேட்டைக்குப் போன நான்டக்கெட் தீவின் எஸ்ஸெக்ஸ் கப்பலை, 1820 நவம்பர் 20 அன்று பசிபிக் நடுவில் ஒரு திமிங்கிலம் இரண்டு முறை முட்டியது. பிறகு போய்விட்டது. மோதலில் ஒருவரும் சாகவில்லை. 20 பேரும் மூன்று படகுகளில் ஏறிவிட்டார்கள். அவர்களில் 12 பேரைப் பலிகொண்டது அடுத்த சில நாட்களில் எடுத்த முடிவு என்பேன்.

சரக்குக் கப்பல்களில் வரைபடத்தில் பாதை போடும் வேலை பார்த்தவன் நான். இந்தப் பாதையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. மேற்கே ஏறக்குறைய 1,200 மைலில் மார்க்கேசாஸ் தீவுகள். காற்றும் மேற்கு நோக்கித்தான் தள்ளியது. இன்னும் தள்ளியிருந்த தஹிதி பக்கம் போகலாம் என்றார் கேப்டன் பொல்லார்ட். 1797-லேயே லண்டன் மிஷனரிகள் போய் இறங்கிய இடம் அது. அவருக்கு அடுத்த நிலை அதிகாரிகளான ஓவன் சேஸும் மத்தேயு ஜாயும் ஒப்பவில்லை. தீவுக்காரர்கள் மனிதரைத் தின்பார்கள் என்ற பயம். கேப்டன் விட்டுக்கொடுத்தார். தெற்கே நெடுந்தூரம் இறங்கி, காற்று மாறியதும் கிழக்கே திரும்பித் தென் அமெரிக்காவைப் பிடிப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கு நாளொன்றுக்கு 6 அவுன்ஸ் உலர்ந்த ரொட்டி, அரை பைண்ட் தண்ணீர். கடைசியில் இறந்த தோழர்களின் உடலை அவர்களே தின்றார்கள். பொல்லார்டின் படகில் சீட்டுக் குலுக்கி, அவருடைய உறவுக்காரப் பையன் ஓவன் காஃபினைச் சுட்டார்கள்.

வில்லியம் பாண்ட் என்ற கறுப்பினக் கப்பல் பணியாளரைப் (ஸ்டூவர்ட்) பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கும்போது கீழ் அறைக்குள் இரண்டு முறை இறங்கியவர் அவர். சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகை கணிக்க உதவும் குவாட்ரன்ட்கள் இரண்டு, கடல்வழிக் கணக்கு நூல்கள் இரண்டு, கேப்டன் பெட்டி, சேஸின் பெட்டி என அனைத்தையும் மேலே கொண்டுவந்தார். அந்தக் கருவிகள் பொல்லார்டுக்கும் சேஸுக்கும் போயின. மூன்றாவது படகுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பாண்ட் இருந்தது அந்த மூன்றாவது படகில். 1821 ஜனவரி இறுதியில் ஓர் இரவு அது பொல்லார்டின் படகைப் பிரிந்தது. பாண்டை அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

கப்பல் உடைந்த அன்று இருந்த கறுப்பின மாலுமிகள் ஆறு பேர். ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. பிழைத்த எட்டுப் பேரும் வெள்ளையர்கள்.